ஜொகூரில் குளிர்காலம் உண்டா?

புவியியல் பாடநூலைக் கேட்டால் இல்லை என்று ஒரு வரியில் முடித்துவிடும். ஜொகூர் மாநிலம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ ஒன்றேகால் முதல் இரண்டரை டிகிரிக்குள் அடங்கிவிடுகிறது. தீபகற்ப மலேசியாவின் தென்கோடி அது. ஆண்டின் மிகச் சூடான மாதத்துக்கும் மிகக் குளிர்ந்த மாதத்துக்கும் சராசரியில் இரண்டு டிகிரி வித்தியாசம் இருந்தாலே அதிகம். கிழக்குக் கரையில் மூன்றைத் தொடலாம். ஒரே நாளில் விடியலுக்கும் பிற்பகலுக்கும் இடையே இதைவிடப் பல மடங்கு வெப்பம் ஏறி இறங்குகிறது. கடற்கரையில் ஐந்து முதல் பத்து டிகிரி, உள்நாட்டில் அதற்கும் மேல். இப்படிப்பட்ட இடத்தில் குளிர்காலம் என்று ஒன்றைத் தேடுவதே வீண் வேலை என்பது பாடநூலின் தீர்ப்பு.

குளுவாங்கிலோ லாபிஸிலோ தோட்டத்து லயத்தில் வளர்ந்த ஒரு மூதாட்டியைக் கேட்டுப் பாருங்கள். நவம்பர் கடைசியில் பெட்டியின் அடியிலிருந்து எடுத்த கம்பளி தைப்பூசம் வரை மறுபடி பெட்டிக்குள் போனதில்லை என்பார். துணி மூன்று நாளானாலும் காயாது, தரை சில்லிட்டுக் கிடக்கும், குளிக்க வெந்நீர் போட வேண்டும் என்பார். அதுவும் பொய்யில்லை. பாடநூல் சொல்வதும் மூதாட்டி சொல்வதும் ஒரே சமயத்தில் எப்படி உண்மையாக முடியும் என்பதைத் துருவிக்கொண்டு போனால், ஜொகூரின் வானிலை முழுவதுமே அந்தக் கேள்விக்குள் இருப்பது தெரியவரும். அந்தத் தேடலில் கடைசியில் தட்டுப்படுவது ஒரு மலை. சரியாகச் சொன்னால், ஒரு மலை மட்டுமே இருப்பது.

முதலில் சூரியனைப் பார்த்துவிடலாம், அது எளிது. ஆண்டுக்கு இருமுறை, மார்ச்சிலும் செப்டம்பரிலும், சூரியன் ஜொகூரின் தலைக்கு நேர் மேலே வருகிறது. நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் ஏறத்தாழக் கால் மணி நேரம்தான் வித்தியாசம். ஆகவே தமிழகத்தில் மார்கழியில் சீக்கிரம் இருட்டுவதும் சித்திரையில் பகல் நீள்வதும் இங்கே உணர முடியாத சங்கதிகள். கடிகாரம்தான் கொஞ்சம் குழப்பும். 1982 ஜனவரி முதல் நாள் தீபகற்ப மலேசியா தன் நேரத்தை அரை மணி முன்னே நகர்த்தி சபா, சரவாக்கோடு சேர்த்துக்கொண்டது. அதன்பிறகு ஜொகூரில் சூரியன் உதிப்பது ஏழு மணி வாக்கில். உச்சிக்கு வருவது ஒரு மணியைத் தாண்டி. தோட்டத்தில் விடியற்காலைப் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, போனவர்கள் கும்மிருட்டில் வரிசையில் நின்றதற்குக் கடிகாரமும் ஒரு காரணம்.

வெயில் ஆண்டு முழுக்க ஒன்றுதான் என்றால் குளிர் இரண்டே வழியில்தான் வரும். ஒன்று, மேலே ஏறிப் போக வேண்டும். இல்லையென்றால் காற்று அதைக் கொண்டுவர வேண்டும்.

ஏறிப் போவதற்கு ஜொகூரில் இருக்கும் உயரமான இடம் குனோங் லெடாங். தங்காக் மாவட்டத்தில், மலாக்கா எல்லையை ஒட்டி, 1,276 மீட்டர். ஆங்கிலேயர் ஒஃபிர் மலை என்று எழுதிவந்தார்கள். மலாக்கா சுல்தானின் பெண் கேட்புக்குச் செய்ய முடியாத நிபந்தனைகளை அடுக்கிய இளவரசி இந்த மலையில்தான் வாழ்ந்தாள் என்பது மலாய் மரபு. மற்ற மலைகள் இதற்குக் கீழே: எண்டாவ் ரொம்பின் காட்டிலுள்ள குனோங் பெசார், குளுவாங் பக்கத்து பெலுமுட் இரண்டும் ஆயிரம் மீட்டரைச் சற்றே தாண்டுபவை, பூலாய் 654 மீட்டர், குளுவாங் நகரத்தார் காலை நடைக்கு ஏறும் லம்பாக் 510 மீட்டர்.

ஆயிரம் மீட்டருக்கு ஆறு, ஆறரை டிகிரி வீதம் வெப்பம் குறையும் என்பது பொது விதி. அந்தக் கணக்கில் லெடாங் உச்சி அடிவாரத்தைவிட எட்டு டிகிரி குளிர்ந்திருக்க வேண்டும். சாகில் பக்கத்தில் இரவு 24 டிகிரி என்றால் மேலே 16. ஈரக் காற்றும் மேகமும் சேர்ந்தால் உடம்புக்கு அது இன்னும் குறைவாகத் தோன்றும். கேமரன் மலையின் தானா ராத்தா நகரம் இருப்பது சுமார் 1,440 மீட்டரில். லெடாங் உச்சியைவிட நூற்றறுபது மீட்டர்தான் அதிகம். குளிரில் பெரிய வித்தியாசம் இருக்க வழியில்லை. ஆனால் கேமரன் ஒரு மேட்டுநிலம். அங்கே தேயிலை போடலாம், கோஸ் பயிரிடலாம், ஊர் அமைக்கலாம், தமிழர் மூன்று நான்கு தலைமுறை வாழலாம். லெடாங் ஒரு சிகரம். உச்சியில் நிற்கத்தான் இடம் உண்டு. பஹாங்குக்குக் கேமரனும் ஃபிரேசர் மலையும், பினாங்குக்கு அதன் கொடிமலையும் வாய்த்ததுபோல ஜொகூருக்கு ஒரு மலைவாசத்தலம் வாய்க்காமல் போனதை இந்த நில அமைப்பே பெரும்பாலும் விளக்கிவிடுகிறது. குளிரை அனுபவிக்க நினைத்த ஜொகூர்வாசி வேன் பிடித்து வேறு மாநிலத்துக்குப் போக வேண்டியிருக்கிறது, இன்றுவரை.

இந்த மலையின் தட்பவெப்பத்தை நேரில் கண்டு எழுதியவர்களில் ஒருவர் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ். இயற்கைத் தேர்வுக் கொள்கையை டார்வினோடு ஒரே காலத்தில் எட்டியவர். 1854ல் மலாக்காவிலிருந்து புறப்பட்டு லெடாங் ஏறினார். வழியில் பாடாங் பத்து என்னும் சரிந்த பாறைவெளியில் நீர் கிடைக்கும் என்று சொல்லியிருந்தார்கள்; போய்ப் பார்த்தால் ஒரு சொட்டு இல்லை. தாகம் தாங்காமல் அங்கே மண்டிக்கிடந்த குடுவைத் தாவரங்களின் குடுவைகளைக் கவிழ்த்து, பூச்சிகள் மிதந்த நீரைக் குடித்தார்கள். வெதுவெதுப்பாக இருந்தாலும் குடிக்கும்படியே இருந்ததாம். உச்சியில் ரோடோடெண்ட்ரான் புதர்களைக் கண்டார். நீலகிரியில் செந்நிறமாய்ப் பூக்கும் அதே மரக் குடும்பத்தைச் சேர்ந்தவை அவை.

மழைக்காட்டு மலையில் தண்ணீருக்குத் தவித்த அந்தக் காட்சி லெடாங்கின் தட்பவெப்பத்தை எந்த அட்டவணையையும்விட நன்றாகக் காட்டுகிறது. மேல்மண் மெல்லிய பாறைச் சரிவில் விழும் மழை தங்குவதில்லை. விழுந்த வேகத்தில் கீழே ஓடிவிடுகிறது. ஒரு மணி நேரம் மழையில்லை என்றால் பாறை சுடும், ஒரு மணி நேரம் கொட்டினால் ஓடை மதகு திறந்ததுபோல் இரையும். அருவியில் குளிப்பவர்களுக்கு ஆபத்து இதில்தான். கீழே வெயில் அடிக்கும்போது உச்சியில் ஒரு மேகம் கொட்டித் தீர்த்துவிட்டால், சில நிமிடங்களில் சேறும் கட்டையுமாகச் செந்நீர் இறங்கிவரும். மலாய்க்காரர்கள் இதைக் ‘கெபாலா ஆயர்’ என்கிறார்கள். நீர் திடீரென்று கலங்கினாலோ, சருகு அதிகமாக மிதந்துவந்தாலோ, மேலேயிருந்து இரைச்சல் கேட்டாலோ கரையேறிவிட வேண்டும் என்பது அருவிப் பக்கத்து ஊர்களில் பிள்ளைகளுக்கும் தெரிந்த பாடம்.

இன்னொன்றும் உண்டு. நீண்ட மலைத்தொடர்களில் ஆயிரத்து ஐந்நூறு மீட்டருக்கு மேல்தான் மரங்கள் குட்டையாகிப் பாசி போர்த்திக்கொள்ளும். லெடாங் போலத் தனித்து நிற்கும் மலையில் அது ஆயிரம் மீட்டர் வாக்கிலேயே தொடங்கிவிடுகிறது. பெரிய மலைத்தொடர் தன்னைச் சுற்றியுள்ள காற்றையும் சேர்த்துச் சூடாக்கி மேகத்தை உயர்த்திவிடும். ஒற்றை மலைக்கு அந்த உடல் இல்லை, மேகம் அதன் தோள்மீதே அமர்ந்துவிடுகிறது. கெடாவின் ஜெராய் மலையும் இப்படியே.

இந்தத் தனிமைதான் ஜொகூர் வானிலையின் மையம் என்பது என் கருத்து. தீபகற்பத்தின் முதுகெலும்பான தித்திவங்சா மலைத்தொடர் தாய்லாந்து எல்லையிலிருந்து இறங்கி நெகிரி செம்பிலானோடு தணிந்துவிடுகிறது. அதற்குத் தெற்கே தொடராக எதுவும் இல்லை. லெடாங், பெலுமுட், பூலாய் என்று விட்டுவிட்டு நிற்கும் குன்றுகள்தான். வடகிழக்குப் பருவக்காற்று வீசும்போது கிளந்தானும் திரங்கானுவும் நனைகின்றன. மலைத்தொடரின் மறைவில் கோலாலம்பூரும் ஈப்போவும் ஓரளவு தப்பிக்கின்றன. ஜொகூரில் மறைவு இல்லை. மெர்சிங்கில் கரையேறிய காற்றும் மழையும் குளுவாங்கைக் கடந்து பத்து பகாட், பொந்தியான் வரை வந்துவிடும். மெர்சிங்குக்கும் பத்து பகாட்டுக்கும் நேர்க்கோட்டில் 120 கிலோமீட்டர் இருந்தால் அதிகம். கிழக்குக் கரை, மேற்குக் கரை என்று வானிலையைப் பிரித்துப் பேசும் வழக்கம் மற்ற மாநிலங்களுக்குப் பொருந்துகிற அளவுக்கு இங்கே பொருந்தாது.

வித்தியாசமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. மெர்சிங்கில் டிசம்பர் மாதம் மட்டும் சராசரியாக 600 மில்லிமீட்டர் அளவுக்குக் கொட்டுகிறது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை தியோமான் தீவுக்கும் ஜொகூர்த் தீவுகளுக்கும் படகுகள் நின்று நின்றுதான் ஓடும். எண்டாவ் ரொம்பின் பூங்காவின் பெத்தா வாயிலை அந்த மாதங்களில் மூடிவைப்பது வழக்கம். மூவாரிலும் தங்காக்கிலும் மழையின் உச்சம் பருவக்காற்று மாறும் ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் வருகிறது. ஆனால் பெரிய அலை ஒன்று கிளம்பிவிட்டால் இந்தக் கோடுகளெல்லாம் அழிந்துவிடும்.

அந்த அலை எப்படிக் கிளம்புகிறது? சைபீரியாவில் குளிர்ந்து கனத்த காற்று திரண்டு, தாங்க முடியாமல் சீனாவின் வழியாகத் தெற்கே சரிகிறது. தென்சீனக் கடலைச் சில நாட்களில் கடக்கிறது. கடக்கும்போதே கடல் அதைச் சூடாக்கி, ஈரத்தால் நிரப்பிவிடுகிறது. போர்னியோவின் ஓரம் ஒரு சுழல் உருவாகியிருந்தால் மேகக்கூட்டம் இன்னும் திரளும். ஜொகூரை அடைந்தபின் இரண்டு மூன்று நாள் விடாத மழை. ஆகவே மூதாட்டி போர்த்திக்கொள்ளும் குளிர் சைபீரியாவிலிருந்து வந்ததல்ல. சைபீரியக் குளிர் கடலிலேயே கரைந்துபோயிற்று. வந்து சேர்வது மேகமும் மழையும் காற்றும். மேகம் வெயிலை மறைக்கிறது, மழை காற்றைக் குளிர்விக்கிறது, பகல் வெப்பம் 24, 25 டிகிரியோடு நின்றுவிடுகிறது. வழக்கமாக 32 டிகிரிக்குப் பழகிய உடம்புக்கு அது குளிர்தான். 2018 ஜனவரியில் இப்படியொரு மழைக்காலத்தில் நாட்டின் பல இடங்களில் வெப்பம் 21, 22 டிகிரிக்கு இறங்கியபோது குளிர்ச்சட்டை போட்ட படங்கள் எல்லாருடைய கைப்பேசியிலும் சுற்றின. மாதச் சராசரியில் இந்த நாட்கள் கரைந்துவிடுகின்றன. பாடநூல் பார்ப்பது சராசரியை. மூதாட்டி நினைவில் வைத்திருப்பது அந்தச் சில நாட்களை. குளிர்காலம் ஜொகூரில் உண்டு, ஆனால் அது தொடர்ந்து வருவதில்லை. தவணை தவணையாக வந்துபோகிறது.

தமிழ் வாசகருக்கு இந்தக் காற்று அந்நியமானதல்ல. ஐப்பசி கார்த்திகை அடைமழை என்று தஞ்சையிலும் நாகையிலும் சொல்வது இதே வடகிழக்குப் பருவத்தைத்தான். மழைப்பட்டை ஆண்டிறுதியில் தெற்கே நகர்கிறது. தமிழ்நாட்டை நனைத்துவிட்டு டிசம்பரில் ஜொகூர்ப் பக்கம் உச்சத்துக்கு வருகிறது. ஒரு மாதம் பிந்திய கணக்கு. அங்கே மார்கழியில் மழை விலகிப் பனி இறங்கும். இங்கே மார்கழி என்றால் மழையின் நடுக்கூறு. திருப்பாவை பாடக் கோவிலுக்குப் போகிறவர்கள் குடையோடு போகிறார்கள். அறுவடை வெயிலில் தை பிறப்பது காவிரிக் கரைக்குச் சரி, ஜொகூரில் தை பிறக்கும்போது ஆறு எந்த மட்டத்தில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

2007ல் அப்படித்தான் பார்க்க நேர்ந்தது. 2006 டிசம்பர் 19 வாக்கில் முதல் மழை அலை. ஒரே நாளில் நீரிணைக்கு அப்பால் சிங்கப்பூரில் 366 மில்லிமீட்டர் பதிவானது. ஜொகூர் ஆறு கரைபுரண்டு கோத்தா திங்கி நகரம் மூழ்கிற்று. நீர் வடிந்து, மக்கள் வீடு திரும்பி, சுவர்ச் சேற்றைக் கழுவிக்கொண்டிருந்தபோது ஜனவரி 12 முதல் இரண்டாம் அலை. பொங்கலுக்கு மூன்று நாள் இருக்கும். இரண்டாவது வெள்ளம் முதலாவதைவிட உயரம். மாநிலம் முழுவதும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் நிவாரண மையங்களுக்குப் போனார்கள். குளுவாங், சிகாமட், பத்து பகாட் எதுவும் தப்பவில்லை. பொங்கல் பானை மண்டபங்களில் ஏற்றப்பட்டது, ஏற்ற முடிந்தவர்களால்.

கோத்தா திங்கி மூழ்கக் காரணம் அதன் இருப்பிடம். லிங்கியூ, சாயோங் போன்ற கிளையாறுகளைச் சேர்த்துக்கொண்டு வரும் ஜொகூர் ஆறு இந்த நகரத்தின் வழியேதான் கடலுக்கு இறங்க வேண்டும். கடல் ஏற்றமும் அந்நேரம் பார்த்து வந்தால் ஆறு வாய் அடைத்துக்கொள்ளும். பத்து பகாட் வெள்ளம் வேறு மாதிரி. அது தட்டையான வண்டல் நிலம். தண்ணீர் பாய்ந்து வருவதில்லை, மெல்ல ஏறும், மெல்லத்தான் இறங்கும். கோத்தா திங்கியில் வெள்ளத்தை மணியில் எண்ணுகிறார்கள் என்றால் பத்து பகாட்டில் வாரத்தில் எண்ணுகிறார்கள். வடிகாலில் நீர் நின்றால் செம்பனைக்கு அவ்வளவு சேதமில்லை, காய்கறித் தோட்டக்காரனுக்கு ஒரு பருவமே போயிற்று.

இதற்கெல்லாம் மேலே ஒரு விபரீதம் 2001ல் நடந்தது. நிலநடுக்கோட்டுக்கு ஐந்து டிகிரிக்குள் புயல் உருவாகாது என்பது அதுவரை வானிலையாளர்களின் நம்பிக்கை. பூமி சுழல்வதால் காற்றுக்குக் கிடைக்கும் திருப்பம் அங்கே மிகவும் குறைவு. அந்த டிசம்பர் 26ஆம் தேதி, வலுவான பருவக்காற்று அலையும் போர்னியோச் சுழலும் குறுகிய கடலுக்குள் மாட்டிக்கொண்டு, ஒன்றை ஒன்று சுழற்றி, ஒன்றரை டிகிரிக்கும் குறைவான இடத்தில் ஒரு புயலாகவே மாறிவிட்டன. மறுநாள் அது ஜொகூரின் தென்கிழக்குக் கரையில் ஏறியது. வாமெய் என்று பெயர்; மக்காவ் கொடுத்த பெயர், ஒரு பாடும் பறவையுடையது. பூலாய் மலையில் மண் சரிந்து 5 பேர் மாண்டார்கள். ஜொகூரில் புயலா என்று கேட்டவர்களுக்கு இன்று பாடநூலே பதில் சொல்கிறது. நிலநடுக்கோட்டுக்கு மிக அருகில் உருவான புயலாக வாமெய் உலக வானிலை நூல்களில் இடம்பெற்றுவிட்டது. நூறு ஆண்டுக்கு ஒன்றா, நானூறு ஆண்டுக்கு ஒன்றா என்று கணக்குப் போட்டவர்களும் உண்டு. ஒரே ஒரு நிகழ்வை வைத்துப் போடும் கணக்கில் எனக்கு நம்பிக்கை குறைவு.

வடகிழக்குக் காற்று மார்ச்சோடு அடங்கும். அதற்கு முன் பிப்ரவரியில் ஒரு வறண்ட இடைவெளி. பால்மரங்கள் இலை உதிர்ப்பது இப்போதுதான். ஆண்டு முழுக்கப் பச்சையாகவே இருக்கும் நாட்டில், ரப்பர் தோட்டம் மட்டும் சிவந்து, பழுத்து, மொட்டையாகி நிற்கும். காலுக்கடியில் சருகு நொறுங்கும். பால் குறையும், சம்பளமும் குறையும். டுரியான் மரம் பூப்பதற்கும் இந்த வறட்சி வேண்டும். அது சரியாக விழுந்தால் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தங்காக், சிகாமட், பெக்கோக் சாலையோரங்களில் பழக்குவியல்.

ஏப்ரல், மே மாதங்களில் காற்று திசை தெரியாமல் நிற்கும். காலையில் புழுக்கம், இரு கரைகளிலிருந்தும் கடற்காற்று உள்ளே வந்து நடுவில் மோதும், பிற்பகல் மூன்று நான்கு மணிக்கு இடியோடு மழை. அக்னி நட்சத்திரம் என்று வீட்டுப் பெரியவர்கள் நாட்காட்டியைப் பார்த்துச் சொல்வது இங்கே தற்செயலாகப் பொருந்திவிடுகிறது. இந்தப் பகுதி உலகிலேயே மின்னல் மிகுந்த பகுதிகளில் ஒன்று. சிங்கப்பூரில் ஆண்டுக்குச் சராசரி 168 நாட்கள் இடி இடிக்கிறது, ஜொகூர் பாரு அதே வானத்தின் கீழ்தான் இருக்கிறது.

மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று. தமிழ்நாட்டில் ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். இங்கே ஆடிக்காற்று அவ்வளவு வலுவில்லை, ஆனால் அதற்குப் பதில் ‘சுமத்ரா’ எனப்படும் சூறைக்காற்று வருகிறது. மலாக்கா நீரிணைக்கு அப்பால் இரவில் திரளும் மேக வரிசை, விடியலுக்கு முன் ஒரு கருஞ்சுவராகக் கடலைக் கடந்து மூவார், பத்து பகாட், பொந்தியான் கரையில் மோதும். பத்து நிமிடம் பேய்க்காற்று, பிறகு ஒரு மணி நேரம் மழை, எட்டு ஒன்பது மணிக்குள் வானம் வெளுத்துவிடும். அலுவலகம் போகிறவருக்கு அது ஒரு சாலை நெரிசல். பால்வெட்டுக்காரருக்கு அது ஒரு நாள் கூலி.

இதை விளக்கித்தான் ஆக வேண்டும். பால்மரத்தை விடியற்காலையில் சீவுவதற்குக் காரணம் உண்டு. இரவில் மரம் நீரை உறிஞ்சி விம்மி நிற்கும்; வெயில் ஏறினால் இலை வழியே நீர் போய், உள்ளழுத்தம் தணிந்து, பால் ஓட்டம் குறைந்துவிடும். ஆகவே நெற்றியில் விளக்கு கட்டிக்கொண்டு இருட்டிலேயே நிரை நிரையாகப் போக வேண்டும். பட்டை நனைந்திருந்தால் சீவ முடியாது. சீவினால் பால் வெட்டுக்கோட்டில் ஓடி, பால் சேரும் கிண்ணமான மங்கில் விழாமல் பட்டை முழுக்கப் படர்ந்துவிடும். வெட்டுவாயில் பூஞ்சை பிடிக்கும். சீவி முடித்த பிறகு மழை வந்தால் மங்கில் சேர்ந்த பால் தண்ணீரோடு வழிந்துபோகும். மழை எவ்வளவு என்பது தோட்டக்காரருக்குப் பொருட்டில்லை, எந்நேரம் என்பதுதான் பொருட்டு. பிற்பகல் நான்கு மணிக்கு நூறு மில்லிமீட்டர் கொட்டினாலும் மறுநாள் வேலை கெடாமல் போகலாம். காலை ஐந்து மணிக்குப் பத்து மில்லிமீட்டர் தூறினால் அன்றைய வேலை போயிற்று. வானிலை நிலையங்களின் மாதக் கூட்டுத்தொகையில் இந்த வித்தியாசம் தெரியாது. ஜொகூரின் தமிழ்க் குடும்பங்கள் இரண்டு மூன்று தலைமுறை இந்த நேரக் கணக்கில்தான் வானிலையைப் படித்தன. விடியலில் தகரக் கூரையில் முதல் துளி விழும் சத்தத்துக்கே அன்றைய வருமானம் தெரிந்துவிடும். பிற்காலத்தில் வெட்டுவாய்க்கு மேலே பிளாஸ்டிக் மழைத்தடுப்பு கட்டினார்கள், ஓரளவு உதவிற்று. அதற்குள் ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. செம்பனைக் குலையை மழையிலும் வெட்டலாம், லாரிதான் சேற்றில் இறங்காது.

தென்மேற்குக் காலத்துக்கு இன்னொரு முகம் உண்டு, புகைமூட்டம். சுமத்ராவில் கரிநிலங்கள் எரியும்போது அதே காற்று புகையைக் கொண்டுவருகிறது. 2013 ஜூன் 23ஆம் தேதி காலை மூவாரில் காற்றுத் தூய்மைக் கேட்டுக் குறியீடு 746ஐத் தொட்டது. 300க்கு மேல் போனாலே அபாயம். மூவார், லெடாங் (இன்றைய தங்காக்) இரு மாவட்டங்களிலும் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அடிவாரத்தில் நின்றால் மலை தெரியவில்லை என்றார்கள். பிறநாட்டை மட்டும் குறை சொல்லிவிடவும் முடியாது. 2019 ஆகஸ்டில் இஸ்கண்டார் புத்ரியை அடுத்து ஜொகூரின் சொந்தக் கரிநிலமே எரிந்தது.

வெள்ள மாநிலம் என்று பெயரெடுத்த ஜொகூருக்கு வறட்சியும் உண்டு என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். எல் நினோ வலுத்த 2015ல் பாசிர் கூடாங், மாசாய், கோத்தா திங்கி பக்கம் குழாய் நீர் முறை வைத்து விடப்பட்டது. 2016 அக்டோபரில் லிங்கியூ நீர்த்தேக்கம் கொள்ளளவில் 20 விழுக்காட்டுக்கு இறங்கியது. ஜொகூர் ஆற்றில் கடல் உப்பு ஏறாமல் காப்பது அந்தத் தேக்கத்திலிருந்து விடும் நீர். 1962 ஒப்பந்தப்படி நாளொன்றுக்கு 25 கோடி கேலன் எடுத்துக்கொள்ளும் சிங்கப்பூருக்கும் அது உயிர்நாடி. அதற்குப் பத்தாண்டுக்கு முன் கோத்தா திங்கியை மூழ்கடித்த அதே ஆற்றுப்படுகை இது.

இனி, எல்லாரும் கேட்கும் கேள்வி: காலம் மாறிவிட்டதா? 2023ஐ எடுத்துக்கொள்வோம். பருவமழை முடிந்துவிட்டது என்று எண்ணும் மார்ச் தொடக்கத்தில் அலை வந்தது. சிகாமட், யோங் பெங், பத்து பகாட் மூழ்கி 40,000 பேருக்கு மேல் வெளியேறினார்கள். 2025ல் ஜனவரியில் ஒரு முறை, மறுபடி மார்ச் மூன்றாம் வாரத்தில் ஒரு முறை. இம்முறை ஜொகூர் பாருவும் கூலாயும். பருவம் பின்னால் நகர்கிறது என்று சிலர் முடிவு கட்டிவிட்டார்கள். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். மார்ச் வரை வடகிழக்குக் காற்றின் காலம்தான் என்று வானிலைத் துறை எப்போதும் சொல்லிவந்திருக்கிறது. நாம்தான் தைப்பூசத்தோடு கணக்கை மூடிவிட்டோம். ஒரு நாள் பெருமழையும் புதிதல்ல: 1978 டிசம்பர் 2ஆம் தேதி சிங்கப்பூரில் 512 மில்லிமீட்டர் கொட்டியது, இஸ்கண்டார் வளர்ச்சித் திட்டத்துக்கு வெகுகாலம் முன்.

ஆனால் இரண்டை மறுக்க இயலாது. காற்று ஒரு டிகிரி சூடானால் ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதல் ஈரத்தைத் தாங்கும். அதே அலை வந்தாலும் கொட்டுவது கூடும். அடுத்தது நிலம். காட்டை அழித்து இளஞ்செம்பனை வைத்த வெளியில் பகல் வெப்பம் காட்டைவிடச் சில டிகிரி அதிகம். பள்ளத்தாக்கைச் சமன்படுத்தி வீடு கட்டிய கூலாயிலும் ஸ்கூடாயிலும் ஒரு மணி நேர மழைக்கே சாலை குளமாகிறது. இதில் வானத்தின் பங்கு எவ்வளவு, நம் பங்கு எவ்வளவு என்று பிரிக்காமல் எல்லாவற்றையும் பருவநிலை மாற்றத்தின் தலையில் போடுவது நகராட்சிக்கு வசதியான வாதம்.

காலத்தை நாமாகவே குழப்பிக்கொண்ட ஒரு விஷயமும் இருக்கிறது. மலேசியப் பள்ளிகளின் நீண்ட விடுமுறை முன்பு நவம்பர் கடைசியில் தொடங்கி டிசம்பர் முழுக்க இருந்தது. வெள்ளக் காலத்தில் பள்ளிகள் காலியாக இருக்கும். அவையே நிவாரண மையங்கள். கோவிட் பெருந்தொற்றுக்குப் பின் கல்வியாண்டு மார்ச்சுக்குத் தள்ளிப்போனது. டிசம்பரும் ஜனவரியும் பாட மாதங்களாயின, பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம்.மும் மழைக்குள் விழுந்தது. வகுப்பறையில் பாய் விரித்துக் குடும்பங்கள் படுத்திருக்க, பிள்ளைகளை எங்கே உட்காரவைப்பது என்று தலைமையாசிரியர்கள் அலைந்தார்கள். 2023ல் புதிய கல்வியாண்டு தொடங்கிய மார்ச் மூன்றாம் வாரத்திலும் பத்து பகாட்டில் நீர் வடியவில்லை. 2026ல் கல்வியாண்டு மறுபடி ஜனவரிக்குத் திரும்பியிருக்கிறது. டிசம்பர் வெள்ளத்துக்கு அது உதவும். ஜனவரி இரண்டாம் வாரத்து அலைக்கும் மார்ச் அலைக்கும் உதவாது. பத்து பகாட், கோத்தா திங்கி போன்ற மாவட்டங்களிலாவது பள்ளிக் கட்டடங்களை நம்பாமல் மேட்டில் தனி மண்டபங்கள் கட்ட வேண்டும் என்ற கோரிக்கை இன்னும் அப்படியே நிற்கிறது.